ஆறு மாதத்துக்கு ஒரு ஆல்பம்

அன்புள்ள ராஜு,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று எழுதினால் ஏதோ காரியம் இருக்கும் என்று ஊகித்திருப்பாய். இருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பெரியவள் வேலைக்குப் போகிறாள், எனக்குச் சர்க்கரை வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மகன் மொட்டைமாடி அறையில் தனியாகவே பாட்டு ரெக்கார்டு செய்கிறான், ஒரு கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு அமெரிக்கப் பாடகன் எமிட் ரோட்ஸ் ஞாபகம்தான். ஹாஸ்டலில் பாஸ்கர் வைத்திருந்த தேய்ந்த கேசட்! முதல் பாட்டில் பியானோ தொடங்கியதுமே 'பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னிதான்' என்று மேஜையைத் தட்டி, இரண்டு பிளேட் பரோட்டா பந்தயம் கட்டித் தோற்றாயே, அதே ஆள்.

அது 1970இல் வந்த ஆல்பம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஹாதார்ன் என்ற ஊர். பீச் பாய்ஸ் இசைக்குழுவின் அண்ணன் தம்பிகளுக்கும் அதுதான் ஊர். அங்கே அப்பா அம்மா வீட்டு ஷெட்டில் நாலு டிராக் ரெக்கார்டிங் மெஷினை (ஒரே டேப்பில் நாலு பதிவைத் தனித்தனியாக ஏற்றலாம்) வைத்துக்கொண்டு பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டு எல்லாம் அவனே. வயது 20. இது எவ்வளவு எரிச்சல் பிடித்த வேலை என்று உன் மகனைக் கேள். ஒன்றைப் பதிந்து, ரீலைப் பின்னுக்குச் சுற்றி, ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசிக்க வேண்டும். முதலில் பதிந்ததில் தாளம் கொஞ்சம் ஓடியிருந்தால் பின்னால் வருவதெல்லாம் கூடவே ஓட வேண்டியதுதான். நன்றாயிருக்கிறது, போதும் என்று சொல்லப் பக்கத்தில் ஆளும் கிடையாது. அப்படிச் செய்த ரெக்கார்டு அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 29ஆம் இடம் வரை போனது.

வினை ஒப்பந்தத்தில் இருந்தது. டன்ஹில் என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு மூன்று வருஷத்தில் ஆறு ஆல்பம் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆறு மாதத்துக்கு ஒன்று! ஆள் அம்பு வைத்திருப்பவனுக்கே மூச்சு முட்டும். இரண்டாவது ஆல்பம் 'மிரர்' கெடுவைத் தாண்டி 1971இல் வந்தது. கம்பெனி இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது, ராயல்டியையும் நிறுத்தியது. இதற்கு நடுவில் அவன் முன்பு இருந்த கம்பெனி பழைய பதிவுகளைத் தூசி தட்டி இன்னொரு ஆல்பமாக இறக்கிவிட, கடையில் அவனுக்கு அவனே போட்டி. 1973இல் மூன்றாவது ஆல்பம். அதோடு சரி. 23 வயதில் ஓய்ந்துவிட்டான், ராஜு. நாம் அந்த வயதில் அரியர் எழுதிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆல்பம் 2016இல். நடுவில் 43 வருஷம். பிறகு 2020 ஜூலையில், 70 வயதில், இறந்துபோனான். இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி அந்த முதல் ஆல்பத்தை மறுபடி கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன், தாங்கவில்லை.

பையன் கையெழுத்துப் போட்டுவிட்டானா? இல்லையென்றால், எத்தனை மாதத்தில் எத்தனை பாட்டு, தவறினால் என்ன என்று எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. நம் சித்ராவிடம் காட்டுகிறேன், இந்த ஒரு விஷயத்திலாவது அவள் வக்கீல் படிப்பு நமக்கு உதவட்டும். 'அங்கிள் பயமுறுத்துகிறார்' என்பான். என்றால் என்ன, நீ அனுப்பு.

பாஸ்கரைப் பார்த்தால் அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா என்று கேள். அப்புறம், பந்தயத்தில் ஒரு பிளேட்தான் வாங்கிக் கொடுத்தாய். இன்னொன்று பாக்கி.

அன்புடன்,
மூர்த்தி