காரில் உள்ள பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து 15, 20 ஆண்டுகளாக ஓடும் சில கார்களிலும் வேன்களிலும் ஒரு காலத்தில் ஆசையாகப் பொருத்திய கணினிகள் இன்னும் இருக்கின்றன. இருக்கைக்கு அடியில் 17 சென்டிமீட்டர் சதுரத் தாய்ப்பலகை, முன்னால் ஏழு அங்குலத் தொடுதிரை, உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. கருவி நன்றாக இருக்கும்போது அதைக் கழற்றி மின்கழிவுத் தொட்டியில் போட மனம் வராதவர்களுக்கு லினக்ஸ் நல்ல வழி. ஆனால் "ஆகக் குறைந்த ரேமில் ஓடுவது எது?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். காருக்கு அது இரண்டாவது கேள்வி. மின்சாரம் பட்டென்று நின்றால் தாங்குமா என்பதே முதல் கேள்வி.

காரைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் 12 வோல்ட் பேட்டரி ஒரு கணம் 8 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். சாதாரண 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் கணினி அப்போது அணைந்து மறுபடி எழும். அந்த நேரம் பார்த்து வட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு முறைமை கெடும். அடுத்த முறை, ரூட் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு கறுப்புத் திரை அப்படியே நிற்கும். காரில் விசைப்பலகைக்கு எங்கே போவது?

ஆகவே, வட்டில் எழுதாமலே ஓடக்கூடியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 256 எம்பி ரேம்தான் இருக்கிறது என்றால் டைனிகோர் என்ற லினக்ஸ். முழுக்க முழுக்க ரேமில் ஓடும். 46 எம்பியிலேயே திரை எழுந்துவிடும். பாதியில் மின்சாரம் போனாலும் வட்டுக்குச் சேதமில்லை. ஆனால் நீங்கள் மாற்றிய அமைப்புகளைக் காப்பு எடுத்தால்தான் அடுத்த முறை இருக்கும். காப்புப் பட்டியலில் சேர்க்காத கோப்பு மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களைத் திணற வைப்பது இதுதான். பப்பி லினக்ஸும் ரேமில் ஓடுவதே. ஆனால் அதன் சேமிப்புக் கோப்பு வட்டில் இருப்பதால், எழுதும்போது மின்சாரம் போனால் அது கெடலாம்.

ஒரு ஜிபி ரேமும் இன்டெலின் 'ஆட்டம்' செயலியும் இருந்தால் என் தேர்வு ஆன்டிஎக்ஸ் லினக்ஸ். அதை வழக்கமான முறையில் நிறுவாமல் 'ஃப்ரூகல்' முறையில் நிறுவ வேண்டும். முழு அமைப்பும் ஒரே சுருக்கக் கோப்பாக, மாறாமல் இருக்கும். பாட்டு, வரைபடம், தொடுதிரை எல்லாம் ஒழுங்கான பிறகு நிலைச்சேமிப்பை (மாற்றங்களை வட்டில் சேமித்துவைக்கும் வசதியை) அணைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகவே எழும். வழக்கமான முறையில்தான் நிறுவ வேண்டும் என்பவர்கள், சிஸ்வி (sysvinit) தொடக்கமுறை உள்ள பதிப்பில் 'ஆர்சிஎஸ்' (rcS) கோப்பின் 'எஃப்எஸ்சிகேஃபிக்ஸ்' (FSCKFIX) வரியை 'யெஸ்' (yes) என மாற்றிவிடுங்கள். கோப்பு முறைமைப் பிழையைக் கேள்வி கேட்காமல் அதுவே திருத்திக்கொள்ளும்.

லினக்ஸைப் பதிவிறக்குவதற்கு முன் செயலியைப் பாருங்கள். வியா சி7, ஆட்டம் என்270 இரண்டும் 32 பிட் மட்டுமே. ஆட்டம் டி525 என்றால் 64 பிட்டும் ஓடும்; அப்போது 64 பிட் பதிப்பையே போடுவது நல்லது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கு நிறுவியே கிடையாது. ஆன்டிஎக்ஸ் 23-க்கு அடிப்படையான டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. வரைகலைச் சில்லும் முக்கியம். என்270 உடன் வரும் ஜிஎம்ஏ 950 சிக்கலின்றி ஓடும். ஜிஎம்ஏ 500, டி2550-இல் உள்ள ஜிஎம்ஏ 3650 ஆகியவற்றில் படம் தெரியும், ஆனால் முப்பரிமாண முடுக்கம் கிடைக்காது. அவற்றில் காணொளிக்கு ஆசைப்பட வேண்டாம்.

மின்சாரப் பக்கம் செலவு செய்யத் தயங்காதீர்கள். 6 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும், இக்னிஷன் கம்பியை உணரும் எம்2-ஏடிஎக்ஸ் வகை பவர் சப்ளை வேண்டும். பேட்டரி, இக்னிஷன், எர்த் என மூன்று கம்பிகள்; தனி ஃபியூஸ். சாவியை அணைத்ததும் அது தாய்ப்பலகையின் பவர் பொத்தானை அழுத்துவதுபோல் சைகை அனுப்பும். லினக்ஸில் 'ஏசிபிஐடி' (acpid) போன்ற சேவை ஓடினால்தான் அந்தச் சைகையை ஏற்று முறையாக அணையும். இல்லையென்றால் சப்ளை சற்று காத்திருந்து மின்சாரத்தை வெட்டிவிடும். இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவிக்குப் போகும் கம்பியிலிருந்து மட்டும் இணைப்பு எடுக்கக்கூடாது.

மொட்டைமாடிக் கார் நிறுத்துமிடத்து மதிய வெயிலுக்கு வன்தட்டு ஆகாது. பெரும்பாலான மடிக்கணினி வன்தட்டுகளுக்கு வரம்பே 60 டிகிரிதான். பழைய ஐடிஇ வகை வட்டு இணைப்பு உள்ள பலகையில் அடாப்டர் மூலம் காம்பேக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டை போடலாம். மலிவான அடாப்டர்கள் பலவற்றில் டிஎம்ஏ (தரவை நேரே ரேமுக்கு அனுப்பும் முறை) கம்பிகள் இணைக்கப்பட்டிருக்காது. கணினி எழும்போதே பிழைச்செய்திகள் வந்து நீண்ட நேரம் தேங்கினால், லினக்ஸின் தொடக்க வரியில் 'லிப்ஏடிஏ.டிஎம்ஏ=3' (libata.dma=3) என்று ஆங்கில எழுத்துகளில் சேருங்கள்; அட்டைக்கு மட்டும் டிஎம்ஏ அணைந்துவிடும்.

வெயில் தாய்ப்பலகையின் சிஆர்2032 பேட்டரியையும் சீக்கிரம் தீர்த்துவிடும். கடிகாரம் பல ஆண்டு பின்னால் போனால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்காது, மென்பொருள் புதுப்பிப்பும் மறுக்கப்படும். லினக்ஸைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பழைய ஜிபிஎஸ் கருவியிலிருந்து நேரத்தை எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள். 2019 ஏப்ரல் 6-இல் ஜிபிஎஸ் வாரக் கணக்கு சுழியத்துக்குத் திரும்பியதால் சில கருவிகள் 1,024 வாரம் பின்தங்கிய தேதியைக் காட்டுகின்றன. இடம் மட்டும் சரியாகவே காட்டும்.

800க்கு 480 திரையில் பல சாளரங்களின் 'சரி' பொத்தான் கீழே மறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்தியபடி சாளரத்தை மேலே இழுத்தால் கிடைக்கும். ஆகவே எல்லா அமைப்பு வேலையையும் வீட்டில், விசைப்பலகையும் பெரிய திரையும் இணைத்து முடித்துவிடுங்கள். தமிழ்ப் பாட்டுத் தலைப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.

வழிகாட்ட நேவிட் மென்பொருள், வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் ஒரே கோப்பில் கிடைப்பதால் ஜோகூர் போனாலும் இணையம் தேவையில்லை. உலாவி விஷயத்தில் 32 பிட் லினக்ஸை நம்பவேண்டாம். குரோம் 2016-லேயே கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் கைபேசிக்கு விட்டுவிட்டு, இந்தக் கணினியைப் பாட்டுக்கும் வரைபடத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர்,
ஈசூன்