ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

நேரமில்லாதவர்கள் பூனைக்கு டின் உணவு வாங்கிக் கொடுத்தால் போதும் என்று கடந்த வாரம் செல்லப் பிராணிகள் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எந்த டின் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நாங்கள் இருப்பது நுவரெலியாவில். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில் பூனை வளர்த்தது எலிக்காக. பூனைக்கு டின்னா என்று அம்மா இன்றும் சிரிப்பார். கொழும்பில் வேலை செய்யும் மகள் வரும்போதெல்லாம் நாலைந்து டின் கொண்டு வருவாள். மீன் படம் போட்ட ஒரு வகையை எங்கள் பூனை தட்டு பளபளக்க நக்கும். ஏழெட்டு மாதம் அதையே வைத்தோம். தடுப்பூசிக்குப் போனபோது மிருக வைத்தியர் டின்னைக் கேட்டார். பின்பக்கம் முழுக்க இறக்குமதியாளரின் ஸ்டிக்கர். வெந்நீரில் ஊறவைத்து உரித்தால், அடியில் பொடி ஆங்கில எழுத்தில், இது துணை உணவு மட்டுமே என்று இருந்தது!

வெறும் மீன் சதையும் தண்ணீரும் பூனைக்கு முழுச் சாப்பாடு ஆகாது. டோரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே செய்துகொள்ளாது. அது குறைந்தால் இதயம் பலவீனப்படும், கண் பார்வையும் போகும். கடையில் வாங்கிய உணவையே தின்ற பூனைகளுக்கும் இந்த இதய நோய் வந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987இல் கண்டுபிடித்தார்கள். அதனால் டின்னில் நான் முதலில் தேடுவது 'முழுமையான உணவு' என்ற சொல்லை. அப்புறம் சேர்மானப் பட்டியலில் டோரினை. பட்டியலில் எடை கூடியதுதான் முதலில் வரும். அங்கே இறைச்சியோ மீனோ பெயரோடு இருந்தால் நல்லது.

புரதம் 10 வீதம் என்று பார்த்து டின்னை ஒதுக்கிவிடாதீர்கள். அதில் 80 வீதம் தண்ணீர் என்றால், மீதி 20இல் 10 புரதம், அதாவது சரிபாதி. 30 வீதம் போட்ட உலர் உணவில் தண்ணீர் 10 வீதம்தான். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அந்த இலக்கத்தையும் ஏமாற்றலாம் என்பது வேறு கதை. 2007இல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில், புரத அளவைக் கூட்டிக்காட்ட மெலமின் என்ற இரசாயனம் கலந்திருந்தது. வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. திரும்பப் பெறப்பட்ட டின்களை மக்கள் அடையாளம் கண்டது அவற்றில் அச்சிட்ட திகதிக் குறியீட்டை வைத்து. அதையும் ஸ்டிக்கர் மறைத்தால்?

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. சிப்ஸ் பக்கட் 6,000 அடி ஏறி வந்ததும் காற்றழுத்தம் குறைந்து உப்பும், அதில் பயமில்லை. அதே காரணத்தைச் சொல்லி ஒரு கடைக்காரர் உப்பிய டின்னை என்னிடம் தள்ளப் பார்த்தார். டின் உப்பினால் உள்ளே கிருமி வேலை செய்திருக்கலாம், வாங்கவே கூடாது. மழைக்காலத்தில் மூட்டு வழியே துரு ஏறியதும் வேண்டாம். திறந்த டின்னை மூடி பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். குளிர்தானே என்று மேசையில் விடுவது நம் வீடுகளில் நடக்கிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இறக்குமதியாளர் ஸ்டிக்கரை மீன் படத்தின் மேல் ஒட்டட்டும், சேர்மானப் பட்டியலின் மேல் வேண்டாம். முழு உணவா துணை உணவா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அதில் போடட்டும்.

ஒரு வாசகி,
நுவரெலியா.