சுமந்தவர்களையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காகத் தான்சானியா போய்க் கிளிமஞ்சாரோ ஏறி வந்த பத்துப் பேரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் யார் துணையும் இல்லாமல் பத்துப் பேரும் மன உறுதியாலேயே உச்சி தொட்டார்கள் என்ற பொருளில் ஒரு வரி வருகிறதே, அங்கேதான் இடறுகிறது. அந்த மலையில் துணையில்லாமல் யாரும் ஏற முடியாது. பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாவிட்டால், மலை இருக்கும் தேசியப் பூங்காவின் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கண் சிகிச்சை நிதிக்காக ஒன்பது பேர் சேர்ந்து நாங்களும் அதே மலைக்குப் போனோம். ஒன்பது பேருக்குத் துணையாகக் கிளம்பியவர்கள் 33 பேர். கைடுகள், சமையல்காரர், மீதி எல்லாம் போர்ட்டர்கள். நாங்கள் போன மச்சாமே வழியில் தங்குவதற்குக் குடில் கிடையாது. அந்த வசதி மராங்கு வழியில் மட்டும்தான். அதனால் கூடாரம், காஸ் சிலிண்டர், மேசை, நாற்காலி, முட்டை அட்டை வரைக்கும் மனிதர் தலையிலும் முதுகிலும்தான் மேலே போகிறது. முதுகில் மூன்று லிட்டர் தண்ணீரோடு நாம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, இருபது கிலோவோடு ஒருவர் "போலே போலே" (மெதுவாக, மெதுவாக) என்று சிரித்தபடி நம்மைத் தாண்டிப் போவார்.

எங்கள் கதையில் பெருமைப்பட முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பயண ஏற்பாட்டுக்கு நாலைந்து நிறுவனங்களிடம் விலை கேட்டோம். நல்ல காரியத்துக்குத்தானே போகிறோம், செலவைக் குறைத்தால் அந்தப் பணமும் நிதியில் சேருமே என்று இருப்பதிலேயே மலிவானதைப் பிடித்தோம். பூங்காவுக்குக் கட்டும் நுழைவுக் கட்டணம், கூடாரக் கட்டணம், மீட்புக் கட்டணம் எதிலும் எந்த நிறுவனமும் கை வைக்க முடியாது. அரசு வைத்ததுதான் விலை. அப்படியானால் அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வந்திருக்கும்? அப்போது எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

பதில் முதல் நாளே கிடைத்தது. மச்சாமே கேட்டில் ஒவ்வொரு மூட்டையையும் தராசில் மாட்டி எடை பார்க்கிறார்கள். ஒரு ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் கூடாது என்பது விதி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காட்டுக்குள் அரைமணி நடந்திருப்போம், மூன்று போர்ட்டர்களை நிறுவனத்தார் கீழே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மூட்டைகளைப் பிரித்து மற்றவர்கள் மேல் ஏற்றினார்கள். அப்படிச் சுமை கூடியவர்களில் ஒரு பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. சாக்ஸ் இல்லாமல் கேன்வாஸ் ஷூ, அதிலும் இடது ஷூவின் அடி பிளந்து பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது. அவர்கள் ஒரு நாளைக்கு ராத்திரி ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்கள் என்பது மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மலிவுக்காகவே ஏழு நாள் பயணத்தை ஆறாகக் குறைத்திருந்தோம். இந்த மலையில் ஒரு நாள் என்பது சாதாரண விஷயம் இல்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். உடம்பு அதற்குப் பழக அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும். ஏழு நாள் போகிறவர்கள் பாரங்கோ முகாமுக்கு அடுத்து கராங்காவில் ஓர் இரவு தங்குவார்கள். நாங்கள் தங்காமல் நேரே 4,600 மீட்டருக்கு மேலிருக்கும் பராஃபு முகாமுக்குப் போய், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்பினோம். 5,895 மீட்டர் உஹுரு சிகரத்தை எட்டியது ஏழு பேர். ஒருவர், உச்சிக்குச் சற்று முன்னால் வரும் ஸ்டெல்லா முனைக்குக் கீழே கால் பின்னி, பேச்சு குழறி, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் நின்றார். உதவிக் கைடு ஒரு நொடிகூட யோசிக்காமல் அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். இன்னொருவரும் அவர்களோடு இறங்கிவிட்டார். (நான் உச்சியைத் தொட்டேன், ஆனால் வழியெல்லாம் வாந்தி. வீரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.)

பராஃபு முகாமில் தண்ணீரே கிடையாது. கிளம்பும் முன் நாங்கள் குடித்த இஞ்சி டீக்கான தண்ணீரைக் கீழே கராங்கா பள்ளத்திலிருந்து மூன்று பேர் சுமந்து வந்திருந்தார்கள். அன்று பகல் எங்கள் மூட்டைகளோடு ஒருமுறை ஏறி வந்த அதே ஆட்கள்.

அப்புறம் விசாரித்ததில்தான், 2003 முதலே கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்று ஒன்று இயங்கி வருவது தெரிந்தது. கூலி, சாப்பாடு, கூடாரம், சுமை எல்லாம் முறையாக இருக்கிறதா என்று பார்த்து, அப்படி நடத்தும் நிறுவனங்களைப் பட்டியல் போடுகிறார்கள். குளிருக்கான உடைகளைப் போர்ட்டர்களுக்கு இலவசமாக இரவலும் கொடுக்கிறார்கள். டிப்ஸ் விஷயத்திலும் ஒன்று: மொத்தத்தையும் தலைமைக் கைடு கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆளுக்கு எவ்வளவு என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்து அவரவர் கையிலேயே கொடுங்கள். நாங்கள் மொத்தத்தையும் கவரில் போட்டுத் தலைமைக் கைடிடம்தான் கொடுத்தோம். அந்தக் கேன்வாஸ் ஷூ பையனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ.

இப்படி நிதிக்காக மலையேறுபவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு வந்த நன்கொடை முழுதும் சிகிச்சைக்கே போனது, பயணச் செலவு அவரவர் பணம். அதைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன், ஆனால் ஏழு நாள் எடுத்துக்கொண்டு, கூடுதல் காசு கொடுத்து.

உங்கள் கட்டுரையில் வந்த பத்துப் பேரில் யாராவது இதைப் படித்தால், தங்களோடு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பட்டும், அதையும் வெளியிடுங்கள். எங்களோடு வந்த 33 பேரில் நாலு பேரின் பெயர்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்