இலவச டிக்கெட், இலவச அறை என்ற சலுகையில் வசூலித்த பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் பயண முன்பதிவு இணையதளத்தில் இருவர் பயணச் சலுகையில் முன்பதிவு செய்த வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: விமான டிக்கெட், ஹோட்டல் அறை கூட்டுச் சலுகையில் மறைத்து வாங்கிய கட்டணங்களையும், அறை ரத்தானதால் நான் கட்டிய வாடகையையும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒரு விமான நிறுவனமும் ஒரு ஹோட்டல் குழுமமும் சேர்ந்து அறிவித்து, தாங்கள் விற்ற சலுகையில் என் அம்மாவுக்கும் எனக்கும் முன்பதிவு செய்திருந்தேன். விளம்பரத்தில் இருந்தது இரண்டே வரி. ஒரு டிக்கெட் வாங்கினால் உடன் வருபவருக்கு டிக்கெட் இலவசம். இறங்கும் ஊரில் மூன்று இரவுகளுக்கு அறை இலவசம். ஊர் திரும்பி எல்லா ரசீதுகளையும் வைத்துக் கூட்டிப் பார்த்தால், சலுகையே இல்லாமல் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் ஆகியிருக்கிறது. தொலைபேசியில் சொன்னேன், சாட்டில் சொன்னேன். "எல்லாம் நிபந்தனைகளில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. நிபந்தனைகளைப் பணம் கட்டுவதற்கு முன்பே வரி விடாமல் படித்தேன். கீழே நான் சொல்லப்போகும் எதுவும் அதில் தெளிவாக இல்லை. சில விஷயங்கள் அறவே இல்லை.

முதலில் டிக்கெட். தங்கள் பில்லில் அம்மாவின் டிக்கெட்டுக்கு நேரே கட்டணம் 0 என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'வரிகள் மற்றும் கட்டணங்கள்' என்று ஒரு பெரிய தொகை. வரி என்று எழுதியிருந்தால் அது அரசுக்குப் போகிற பணம், யாராலும் தவிர்க்க முடியாதது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு கட்டினேன். அப்புறம் விமான நிறுவனத்திடமிருந்து இ-டிக்கெட் வந்தது. அதில் அதே தொகையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், அரசு வரி என்று சின்னச் சின்னத் தொகைகள். அவற்றுக்கு நடுவே 'ஒய்கியூ' என்ற குறியீட்டோடு ஒரு தொகை. மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பாதியைத்தான் எட்டும்.

ஒய்கியூ, ஒய்ஆர் ஆகிய குறியீடுகள் எதைக் குறிக்கின்றன என்று டிக்கெட் விற்கும் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விமான நிறுவனம் தானே விதித்துத் தானே எடுத்துக்கொள்ளும் கூடுதல் கட்டணம் அது. எரிபொருள் செலவு என்று காரணம் சொல்லித் தொடங்கிய வழக்கம். அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியிருக்க, அதைக் கொண்டுபோய் வரிகளோடு ஒரே வரியில் சேர்த்தது தாங்கள்தான். விமான நிறுவனம் பிரித்துக் காட்டியதைத் தாங்கள் சேர்த்து மறைத்திருக்கிறீர்கள்.

கணக்கை எளிதாகச் சொல்கிறேன். நான் விலை கொடுத்து வாங்கிய டிக்கெட்டின் மொத்த விலையை நூறு என்று வைத்துக்கொண்டால், அதில் அடிப்படைக் கட்டணம் 38, விமான நிறுவனத்தின் கூடுதல் கட்டணம் 41, உண்மையான வரிகள் 21. இலவசம் என்று தள்ளிக் கொடுத்தது அந்த 38ஐ மட்டும். ஆக, இலவச டிக்கெட்டுக்கு நான் கட்டியது 62. இரண்டு பேருக்கும் சேர்த்து 162.

இத்தோடு முடிந்திருந்தால்கூடக் கொஞ்சம் மிச்சம் என்று விட்டிருப்பேன். எங்களோடு அதே விமானத்தில் வருவதற்காக அதே நாள் மாலை, தங்கள் தளத்திலேயே, எந்தச் சலுகையும் இல்லாமல் என் சித்தப்பாவும் சித்தியும் டிக்கெட் எடுத்தார்கள். அவர்களுடைய பில்லை இதே கணக்கில் பார்த்தால் தலைக்கு 78, இரண்டு பேருக்கும் 156. காரணம் என்னவென்றால், சலுகைக்குத் தகுதி பெற நான் வாங்க வேண்டியிருந்த டிக்கெட் மலிவான வகுப்பில் இல்லை. அதைவிடப் பல படி மேலே உள்ள கட்டண வகுப்பு, அதாவது அதே ரக இருக்கைக்கே கூடுதல் விலை. உட்கார்ந்தது அதே எகானமி இருக்கை, பெட்டிக்கு அனுமதித்த எடையும் ஒன்றுதான். சலுகைப் பக்கத்தில் மலிவு வகுப்பின் விலையைப் பக்கத்தில் போட்டுக் காட்டியிருந்தால் ஒருவர்கூட அந்தச் சலுகையைத் தொட்டிருக்க மாட்டார். காட்டவில்லை. அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தாலே சாதாரண விலைகளைத் தேடும் வழி அடைத்துவிடுகிறது.

தேதி விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாட்காட்டியைத் திறந்தால் பள்ளி விடுமுறை வாரங்கள், பண்டிகை ஒட்டிய நாட்கள், வெள்ளி, ஞாயிறு எல்லாம் மங்கிக் கிடந்தன. திறந்திருந்த தேதிகளிலும் பலவற்றைத் தொட்டால் 'இருக்கை இல்லை'. அதே விமானத்தில் சாதாரண விலைக்கு இருக்கை இருந்தது. அதாவது, சலுகைக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் மிகக் குறைவு, எத்தனை என்று எங்கேயும் சொல்லவில்லை. 1992இல் பிரிட்டனில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஹூவர் நிறுவனம் 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்து, வந்த கூட்டத்துக்குக் கொடுக்க முடியாமல் திணறியது. டிக்கெட் கிடைக்காதவர்கள் நீதிமன்றம் போனார்கள். நிறுவனத்துக்கு ஏறத்தாழ 50 மில்லியன் பவுண்டு செலவானது. கையில் இருக்கும் இருக்கைகளைக் கணக்குப் பார்த்து, அதைச் சொல்லி விற்க வேண்டும் என்பதை இந்தத் துறை அன்றைக்கே கற்றிருக்க வேண்டும்.

பணம் கட்டும் பக்கத்தில் ஓடிய பத்து நிமிடக் கடிகாரமும், 'இன்னும் 2 அறைகள்தான்' என்ற சிவப்பு எழுத்தும் உண்மையல்ல. பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி பத்திலிருந்து ஓடியது. அதற்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. பயணக் காப்பீட்டுக் கட்டத்தில் நான் தொடாமலே டிக் விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டு அடுத்த பக்கம் போனால் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012லேயே, விமான டிக்கெட்டோடு விற்கும் காப்பீட்டைப் பயணி தானே தேர்ந்தெடுத்தால்தான் சேர்க்கலாம், முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. இந்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரம், கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, விலையைத் துண்டு துண்டாக வெளியிடுவது மூன்றும் அதில் உண்டு. எந்த நாட்டுச் சட்டம் என் முன்பதிவுக்குப் பொருந்தும் என்ற வாதத்துக்கு இப்போது நான் வரவில்லை. நேர்மையான வியாபாரம் எது என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய கருத்து வேறுபாடு இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி ஹோட்டல். என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு விமானத்தை மறுநாள் காலைக்கு மாற்றிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. மாற்றியது விமான நிறுவனம், எங்களைக் கேட்கவில்லை. உடனே தங்கள் சாட்டில் வந்து, முதல் இரவு நாங்கள் போய்ச் சேர முடியாது, ஹோட்டலுக்கு நான் தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "தேவையில்லை, முன்பதிவு ஒன்றோடு ஒன்று இணைந்திருப்பதால் ஹோட்டலுக்குத் தானாகவே தகவல் போய்விடும்" என்று தங்கள் ஊழியர் எழுதியிருக்கிறார். அந்த உரையாடலை இணைத்திருக்கிறேன்.

மாற்றிய விமானத்தில் போய் இறங்கி, அன்று மதியம் ஹோட்டலுக்குப் போனோம். ரிசப்ஷனில் இருந்த பெண் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு, நேற்றிரவு நீங்கள் வராததால் 'நோ ஷோ' என்று பதிவாகி மூன்று இரவும் ரத்தாகிவிட்டது என்றார். முதல் இரவு வராவிட்டால் மிச்ச இரவுகளையும் ரத்து செய்வது ஹோட்டல்களின் வழக்கம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தங்களுக்கு முன்பே தெரியும். தன்னால் மாற்ற முடியாது, முன்பதிவு செய்த நிறுவனம்தான் மாற்ற வேண்டும் என்றார் அந்தப் பெண். தங்களை அழைத்தேன், ஹோட்டல்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். விமான நிறுவனத்தை அழைத்தேன். அறை எங்கள் பொறுப்பல்ல என்றார்கள். முழங்கால் வலியோடு அம்மா லாபி சோபாவில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "விடுப்பா, வேற ரூம் பாத்துக்கலாம்" என்று அம்மாவே சொன்ன பிறகு, அதே ஹோட்டலில், அன்றைய முழு வாடகையைக் கட்டி, இரண்டு இரவுக்கு அறை எடுத்தேன். இலவசமாகத் தருவதாகச் சொன்ன அதே ரக அறை.

அதற்கு மேல் 'ரிசார்ட் கட்டணம்' என்று இரவுக்கு ஒரு தொகை. இலவச முன்பதிவு நிலைத்திருந்தாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டுமாம்; தங்கள் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எதற்கு என்று கேட்டால் வைஃபை, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் என்றார்கள். நீச்சல் குளத்துக்குப் போகும் கதவில் பராமரிப்புக்காக மூடியிருப்பதாக அறிவிப்பு தொங்கியது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்துவிட்டது. விமான டிக்கெட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2008லேயே இதைச் சட்டமாக்கியது. மொத்த விலையைச் சொல்வது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல இடமில்லை.

புகாருக்குத் தங்கள் முதல் பதிலில், தாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விமானப் பயணத்துக்கும் தங்கலுக்கும் அந்தந்த நிறுவனமே பொறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. விளம்பரம் ஒன்று, விலை ஒன்று, என் கார்டில் பணம் எடுத்தது ஒரே தடவை, ரசீதில் இருப்பது தங்கள் பெயர். பணம் வாங்கும்போது ஒரே கடையாக இருந்தது, பொறுப்பு என்று வந்ததும் எப்படி மூன்றாகப் பிரிந்தது? விமானமும் அறையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், இரண்டையும் ஒழுங்காக நடத்திக் கொடுக்கும் பொறுப்பு தொகுத்து விற்றவருக்கே என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுப் பேக்கேஜ் பயணச் சட்டம் தெளிவாக வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், விமானம் மாறினால் அறையையும் மாற்றிவைப்பார்கள் என்ற நம்பிக்கையில்தானே ஒருவர் இரண்டையும் ஒரே இடத்தில் வாங்குகிறார்?

இரண்டாவது பதிலில் ஒரு வவுச்சர் அனுப்பியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும் செல்லும், ஒரே தடவைதான் பயன்படுத்த முடியும், மீதமிருந்தால் போய்விடும், வேறு யாருக்கும் மாற்ற முடியாது. வவுச்சரை ஏற்றால் மேற்கொண்டு புகார் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகும் என்று கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஏற்கவில்லை என்பதை இந்தக் கடிதத்தின் மூலம் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

நான் கேட்பது இவை. ஹோட்டலில் இரண்டு இரவுகளுக்கு நான் கட்டிய வாடகை முழுவதும், ரிசார்ட் கட்டணமும், வரி என்ற பெயரில் அம்மாவின் டிக்கெட்டில் வாங்கிய ஒய்கியூ தொகையும் நான் பணம் கட்டிய அதே கார்டுக்குத் திரும்ப வர வேண்டும். உண்மையான வரிகளை நான் கேட்கவில்லை. அது கட்ட வேண்டியதுதான். கிடைக்காமல் போன முதல் இரவுக்கு என்ன ஈடு என்பதையும் தெரிவிக்க வேண்டும். இவற்றோடு, அந்தச் சலுகை இன்னும் விற்பனையில் இருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன். பில்லில் வரியையும் விமான நிறுவனத்தின் கூடுதல் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டும்வரை, ரிசார்ட் கட்டணத்தை முதல் பக்கத்திலேயே போடும்வரை, அதை நிறுத்தி வைக்க வேண்டும். வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் இப்படி டிக்கெட்டும் அறையும் சேர்ந்த திட்டங்களை அதிகம் தேடுகிறார்கள். அவர்களில் இன்னொருவர் அந்த லாபியில் போய் நிற்கக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். தொலைபேசி அழைப்பு வேண்டாம். பேசியதற்குச் சாட்சி இல்லாமல் போகிறது. கார்டு வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் முறைக்குக் காலக்கெடு இருப்பதால் அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது. பதில் வராவிட்டால் வங்கியிடமும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் அடுத்த நாளே விண்ணப்பிப்பேன்.

தங்கள் பில், இ-டிக்கெட், என் சித்தப்பாவின் பில், விமான நேரம் மாறிய மின்னஞ்சல், சாட் உரையாடல், ஹோட்டல் ரசீதுகள், கடிகாரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் உள்ளன; கேட்டால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்