தரவையை ஆவணியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டப் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும், காணிக் கோப்புகளைக் கையாளும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

காணி நிரப்ப, மண் அள்ள, மரம் நட என்று விண்ணப்பம் வந்தால் இடத்தைப் போய்ப் பார்த்துத்தான் அறிக்கை எழுதுவீர்கள். பெரும்பாலும் அது கோடையில்தான் நடக்கிறது. மாரியில் அந்தப் பக்கம் வாகனம் போகாது. ஆவணியில், மாடு மேயும் திறந்த புல்வெளிகளான எங்கள் கரையோரத் தரவைகள் வெளிறிய மணலும் கருகிய புல்லுமாகக் கிடக்கும், நாலு மாடு நிற்கும். “வெறுங்காணி” என்று அப்போது எழுதுவது பொய்யல்ல. ஆனால் அதே காணியைத் தை மாதத்தில் கண்டவருக்கு அப்படி எழுதக் கை வராது. அங்கே முளைக்கும் அழுகண்ணி என்ற பூச்சியுண்ணும் சிறு செடிக்காகவே இந்த மடல்.

மழை ஓய்ந்து, தேங்கிய நீர் வற்றி, மணல் இன்னும் கசிந்துகொண்டிருக்கும் நாட்களில் அது தலைகாட்டும். இங்கு இரண்டு வகை உண்டு. ஒன்று நிலத்தோடு ஒட்டி, சில்லறைக் காசளவு வட்டமாகச் சிவந்து கிடக்கும். அதன் அறிவியல் பெயர் துரோசெரா பர்மானி. இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் வெளியிட்ட டச்சுத் தாவரவியலாளர் யொஹானஸ் பர்மனின் பெயர்தான் அதில் இருக்கிறது. மற்றது, துரோசெரா இண்டிகா, நூல் போன்ற இலைகளோடு நிமிர்ந்து வளரும், இளஞ்சிவப்பாகப் பூக்கும். காலையில் விரியும் பூ வெயில் ஏறச் சுருங்கிவிடும்.

குந்தியிருந்து பாருங்கள். ஒவ்வொரு இலையிலும் மெல்லிய மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் கண்ணாடி மாதிரி ஒரு துளி. பனியென்றால் வெயிலில் காய்ந்துவிடும். இது காயாது, பசை. சிறு கொசு ஒன்று வந்து குந்தினால் ஓரத்து மயிர்கள் உள்நோக்கி மடங்குகின்றன. பர்மானியில் சில விநாடிகளுக்குள்ளேயே அந்த அசைவைக் கண்ணால் காணலாம். என் மாணவர்கள் மூச்சுவிடாமல் பார்த்த உயிரியல் பாடம் இது ஒன்றுதான்.

பூச்சியைத் தின்னக் காரணம் மண்தான். மாரிமழை கழுவிக் கழுவி, இந்த மணலில் நைதரசன் மிகக் குறைவு. மற்றச் செடிகள் திணறும் இடத்தில் இது பூச்சியிலிருந்து அந்தச் சத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வளமான மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாலும் இதற்குக் கேடு; புல் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். தோட்டத்தில் வைத்துக் காப்பாற்றலாம் என்பவர்களுக்கும் என் பதில் இதுதான்.

தரையில் ஈரம் அற்றதும் செடி கருகிவிடும். மிஞ்சுவது தூசி போன்ற விதை, அதுவும் மேல்மண்ணில் மட்டும். உங்கள் கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் ஆவணி மணலுக்குள் அடுத்த தை மாதத்துப் பூக்கள் இருக்கின்றன. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒருதரம் வழித்தால் அவை டிப்பரில் ஏறிப் போய்விடும். கிராவல் பரப்பினால் புதைந்துவிடும். மண்ணைத் தொடாமல் வீதியை உயர்த்தி, நீர் பரவ மதகு வைக்காமல் விட்டாலும் போதும், ஒரு பக்கம் குளமாகும், மறுபக்கம் காயும். இரண்டிலும் இது முளைக்காது.

சட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பினால்தான் அது சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் கருத்திட்டமாகிறது. அழுகண்ணி நிற்கும் துண்டுகளோ பெரும்பாலும் ஒரு வீட்டு வளவளவு. அவை எந்த மதிப்பீட்டுக்கும் அகப்படாமல் ஒவ்வொன்றாக நிரம்பிவிடும். அந்த இடைவெளியை அடைக்கக்கூடியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாட்டுக்காரர்களை அங்கிருந்து விரட்ட வேண்டாம் என்றும் கேட்கிறேன். மாடு மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருப்பதால்தான் இந்தச் சிறு செடிக்கு வெயில் கிடைக்கிறது. வேலியடைத்துப் பாதுகாப்பது இங்கே உதவாது. சுனாமிக்குப் பிறகு கரையோரமெங்கும் சவுக்கு நட்டோம். காற்றைத் தடுக்க அது வேண்டியதுதான். ஆனால் திறந்த தரவையில் சவுக்கோ மரமுந்திரிகையோ நடுவதைப் பசுமைத் திட்டம் என்று அங்கீகரிக்காதீர்கள். மரமில்லாமல் இருப்பதுதான் அந்த நிலத்தின் இயல்பு.

நான் கேட்பது அதிகமில்லை. தரவைக் காணி சம்பந்தமான எந்த அனுமதிக்கும் தை, மாசியில் ஒருதரம் பார்வையிடுவதைக் கட்டாயமாக்குங்கள். கோப்பில் பார்வையிட்ட மாதத்தையும் எழுதுங்கள். கோடையில் வரும் விண்ணப்பம் மாரி முடியும்வரை காத்திருக்கட்டும். வீதி வேலையில் மதகைக் குறைக்காதீர்கள்.

செடி நிற்கும் இடங்களை இங்கே நான் எழுதவில்லை. காயகற்ப மூலிகை என்று காணொளிகளில் பார்த்துவிட்டு வேரோடு பிடுங்கிப் போகிறார்கள். விதை விழுமுன் பிடுங்கினால் அந்தத் துண்டு அதோடு சரி. வாகரைப் பக்கம் நான் அறிந்த இடங்களை உத்தியோகத்தர் வந்தால் நேரில் காட்டுவேன். தைப்பொங்கல் கழிந்து, காலை எட்டு மணிக்கு முன் வாருங்கள். வரம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோறளைப்பற்று வடக்கிலிருந்து
ஓர் உயிரியல் ஆசிரியை