பாரிசவாதத்துக்குப் பிந்திய மூன்று மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவர்களுக்கு நடை பழக்கும் இயந்திரங்களும் ரோபோக்களும் மட்டக்களப்புக்கு வரவேண்டும் என்று பலர் பேசக் கேட்கிறேன். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு.

அமெரிக்காவில் 408 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், உடற்பாரத்தைத் தாங்கும் இயந்திரத்தில் நடை பழகியவர்களும், வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி எடுத்தவர்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். பிரித்தானியாவில் 770 பேர் பங்குகொண்ட ஆய்விலும் (2019) ரோபோவின் கைப்பயிற்சி வழமையான சிகிச்சையை விஞ்சவில்லை.

2021இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு 72 பேரை மட்டுமே கொண்டது. என்றாலும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வழமையான சிகிச்சைக்கு மேலாக 20 மணிநேரக் கைப்பயிற்சி கொடுத்தார்கள். நோய் வந்து இரண்டு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் அதைப் பெற்றவர்களுக்கே கை அதிகம் தேறியது. ஆறு மாதம் கடந்து பெற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

நோய் வந்த அந்த முதல் மூன்று மாதத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரை நோயாளி எங்கே இருக்கிறார்? ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு கட்டிலில். என் சின்னம்மாவுக்குப் பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தபோது, ஒவ்வொரு கிளினிக்குக்கும் மண்முனைப் பாலத்தால் ஓட்டோவில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஓட்டோக் கூலி ஒரு பக்கம், சித்தப்பாவின் அன்றைய வயல் கூலி மறுபக்கம். கொஞ்ச நாளில் போவதை விட்டுவிட்டார்கள். பிறகு எண்ணெய் போட்டு உருவியதோடு சரி. மடங்கிய விரல்கள் இன்றும் விரியவில்லை. அவருக்குச் சமைக்கத்தான் ஆசை.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்பார்கள். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பேரைச் சேர்த்து, பாதிப் பேரின் குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தின் பின் இறந்துபோனவர்களும் பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர்களுமாக இரு தரப்பிலும் 47 சதவீதம். பிள்ளைகள் உதவலாம், உதவவும் வேண்டும். பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆகவே மாகாண சுகாதார அதிகாரிகளிடம் கேட்கிறேன்: கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளிப் பகுதிகளுக்கு வீடு தேடிப் போகும் பிசியோதெரபிஸ்டுகளைத் தாருங்கள். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போவது எங்கள் நாட்டில் ஊறிய முறைதானே. துண்டு வெட்டும் அன்றே நோயாளியின் விபரம் இந்தப் பிசியோதெரபிஸ்டுகளின் கைக்குப் போகவேண்டும். நோய் வந்து மூன்று மாதம் தாண்டாதவர்களை முதலில் பார்க்கட்டும். இயந்திரம் வாங்கித்தர நினைக்கும் புலம்பெயர் உறவுகளும் அந்தப் பணத்தை இந்தப் பிசியோதெரபிஸ்டுகளின் பயணச் செலவுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி,
கொக்கட்டிச்சோலை