பாப்பாவுக்கு, பம்மலிலிருந்து

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் மூன்று வாரமாக ஒரு வரி இல்லை, வேலை இருக்கும், நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் படத்தில் உன் தலையில் தொப்பி இல்லை. துருக்கியில், நீ இருக்கிற கொன்யா பக்கம் 35 டிகிரி என்று போன் காட்டுகிறது. மெட்ராஸ் வெயிலில் வளர்ந்தவள் என்று சொல்லாதே, இங்கே உன்னை எங்கே வெயிலில் விட்டோம்?

சாட்டல்ஹோயுக் என்ற பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. ஆனாலும் பார்க்கில் நடக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது, 9000 வருஷத்துக்கு முந்தைய ஊர், 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அங்கேதான் என் மகள் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள் என்று. தெருவே இல்லை, வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும், கூரையிலிருந்து ஏணியில்தான் இறங்கணும் என்றதும் மாடிவீட்டு மாமா, "வயசானவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். அவருக்கு அவர் முட்டிக் கவலை.

சுவரில் நூற்றுக்கணக்கான தடவை வெள்ளைக் களிமண் பூசியிருக்கிறார்கள் என்றாயே, அம்மா ஞாபகம் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டாளா? நகத்தால் கீறினால் நாலு கலர் தெரியும், நீ கீறி அடி வாங்கியிருக்கிறாய்.

தண்ணீர் நிறையக் குடி. தொப்பி போட்டுக்கொள்.

அங்கே வீடு பழசானால் கூட்டிப் பெருக்கி, தூண்களைப் பிடுங்கி, உள்ளே மண்ணை நிரப்பி, அதே சுவர்மேல் அடுத்த வீட்டைக் கட்டுவார்களாம், அப்படி 18 அடுக்கு. நீ அதைச் சொன்ன அன்று நான் பேச்சை மாற்றினேன், கவனித்திருப்பாய்.

பாப்பா, உன் பிஸ்கட் டின் பரணில் இல்லை. நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் பத்திரமாக இருக்கிறது என்றேன். வீட்டை பில்டருக்குக் கொடுத்தபோது சாமான்களை ஏற்ற இரண்டே நாள்தான் இருந்தது, பரணில் ஏறிப் பார்க்கச் சோம்பல், உடைந்த நாற்காலிதானே கிடக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஜேசிபி வந்து, மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. 1863இல் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல் கைக்கோடாரியை எடுத்த கதையை உனக்குச் சொன்னதே நான்தான், அதைக் கேட்டுத்தான் மலையடிவாரத்தில் கல் பொறுக்க ஆரம்பித்தாய். பாதி வெறும் ஜல்லி என்று அப்போது சிரித்தேன். இருந்தாலும் ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தாய்.

கட்டடக் கழிவை ஏற்றிப்போன லாரி டிரைவரைப் பிடித்து, எங்கே கொட்டினார்கள் என்று கேட்டுப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்கக் குச்சியால் கிளறினேன், நம் சமையலறைப் பச்சை டைல்ஸ் ஒரு துண்டு கிடைத்தது, எடுத்து வைத்திருக்கிறேன். மறுபடி போனபோது அதன்மேல் வேறு யார் வீட்டையோ கொட்டியிருந்தார்கள்.

சித்தி வீட்டு விஷயம் அப்புறம் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடு.

அப்பா